வழுவும் வழுவமைதியும்

கீரை ஆய்வதைப் பார்த்திராதவர் நம்மில் இருக்க முடியாது. கட்டைப் பிரித்து முறத்தில் பரப்பி, பழுத்த இலை, பூச்சி அரித்த இலை, இடையே சேர்ந்து வந்துவிட்ட புல் ஆகியவற்றைக் கிள்ளி எறிந்து, நல்லதை ஒருபுறமாகச் சேர்ப்பார்கள். கல்லூரிகளில் நாங்கள் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் 'ஆய்வு'ம் இதே வினையடியிலிருந்து பிறந்த சொல்தான். ஆய்ந்து முடித்த கீரையைக் கொதிக்கும் நீரில் போட்டபின் ஒரு புழு மிதந்தால், ஆய்ந்தவருக்கு ஏற்படும் கூச்சம் ஒன்று உண்டு. அப்படி ஒரு கூச்சத்தைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

நிரல் எழுதுவோரிடமும் இந்த ஆய்தல் உண்டு என்பதை நாங்கள் அறிந்தது தாமதமாகத்தான். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன் என்பவர் 1978ஆம் ஆண்டு வாக்கில் சி மொழி நிரல்களைச் சோதிப்பதற்காக ஒரு கருவி செய்தார். அதற்கு 'லிண்ட்' என்று பெயரிட்டார். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத்துகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. இக்கருவி நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை, வாசித்துப் பார்க்கிறது. மொழியின் விதிப்படி செல்லக்கூடிய, ஆனால் எழுதியவர் கருதியது இதுவாக இருக்க முடியாது என்று ஐயுறத்தக்க இடங்களைச் சுட்டுகிறது. பிற்காலத்தில் ஒவ்வொரு நிரல்மொழிக்கும் இத்தகைய கருவிகள் தோன்றின. அவற்றுக்கெல்லாம் 'லிண்டர்' என்பது பொதுப்பெயராயிற்று. எங்களுக்குள் அதை 'ஆய்வான்' என்று அழைத்துவந்தோம். அந்தப் பெயர் எங்களைத் தவிர வேறு எவருக்கும் பிடித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பணி மிகச் சிறியது. 2017இல் மூவராகத் தொடங்கினோம். தமிழ்த்துறையிலிருந்து இதை எழுதுபவர். கணிதத் துறைத் தோழி ஒருவர். அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்து, பின்னர் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்ட மாணவி ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி உரைநடை நூல்கள் சிலவற்றின் மின்பிரதிகளைத் திரட்டிச் சொல்லடைவு செய்வது எங்கள் நோக்கம். தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். செய்யுளில் பழகிய கை உரைநடைக்கு வந்தபோது புணர்ச்சியை எங்கே காத்தது, எங்கே கைவிட்டது என்று அறிய விரும்பினோம். கையால் எண்ணினால் ஓர் ஆயுள் போதாது. ஆகவே கணிதத் தோழி ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதினார். நாங்கள் இருவரும் பக்கத்தில் அமர்ந்து இலக்கண விதிகளைச் சொன்னோம்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2002இல் செய்த ஜேஎஸ்லிண்ட் என்ற ஆய்வான் ஒன்று உண்டு. கண்டிப்பான தலைமையாசிரியரைப் போன்றது அது; தனக்குப் பிடிக்காததைப் பிழை என்றே சொல்லும். 2013இல் நிக்கோலஸ் ஜக்காஸ் தொடங்கிய ஈஎஸ்லிண்ட் வேறு வழியில் சென்றது. அதில் ஒவ்வொரு விதியும் தனித்தனித் துண்டு. எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்பதை நிரலுக்கு உரியவர்கள் ஓர் அமைவுக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் மூன்று நிலைகள்: அணைத்து வைக்கலாம், எச்சரிக்கையாக வைக்கலாம், பிழையாக வைக்கலாம்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழுவகை வழுக்களை அது சொல்கிறது. உடனே வழுவமைதிக்கும் இடம் தருகிறது. உவகையாலோ சினத்தாலோ ஒன்றை உயர்த்திச் சொல்வதாலோ இழித்துச் சொல்வதாலோ திணையும் பாலும் மயங்கினால் அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. தன் பசுவை அம்மை என்று அழைத்து, வந்தாள் என்று முடிப்பவர் உயர்திணை அஃறிணை வேறுபாடு அறியாதவர் அல்லர். விதியை அறிந்து, காரணத்தோடு விலகுகிறார். காரணம் இருந்தால் வழுவமைதி. இல்லையேல் வெறும் வழு. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவர்களாகிய நாங்கள் எங்கள் அமைவுக் கோப்பை எப்படி வைத்திருந்தோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அது நாங்கள் எழுதியதே அன்று. 2017இல் யாரோ ஒருவருடைய நிரலிலிருந்து எடுத்து ஒட்டியது. நாற்பது வரிகள் இருந்தன. ஏறத்தாழ அனைத்தும் தோற்றம் பற்றியவை: வரியின் தொடக்கத்தில் இரண்டு இடைவெளி விடுக; ஒற்றை மேற்கோள் இடுக; வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க மறவாதே. ஈஎஸ்லிண்ட் தானே பரிந்துரைக்கும் அடிப்படை விதித்தொகுதி ஒன்று உண்டு. அதைச் சேர்க்கும் வரி எங்கள் கோப்பில் இல்லை. தோழி அரைப்புள்ளி விட்டுவிட்டால் திரையில் சிவப்பாக ஒரு வரி தோன்றும், வைத்தவுடன் மறையும். நிரல் ஆராயப்படுகிறது என்ற நிம்மதி எங்களுக்கு இருந்தது. விடைத்தாளில் கையெழுத்துக்கும் ஓரத்துக் கோட்டுக்கும் மட்டும் மதிப்பெண் போடும் ஆசிரியரை நியமித்துவிட்டு, பாடம் திருத்தப்படுகிறது என்று நம்பியதற்கு ஒப்பானது அது.

ஏழு ஆண்டுகள் அக்கோப்பை எவரும் தொடவில்லை. 2024இன் இறுதியில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் எங்களோடு சேர்ந்தார். ஆர்வமுள்ள பிள்ளை. முதல் வாரமே ஒரு புதிய செயற்கூறு எழுதிக் கொண்டுவந்தார். அதில் கேள்விக்குறியும் புள்ளியும் அடுத்தடுத்து வரும் ஒரு புதிய வழக்கைப் பயன்படுத்தியிருந்தார். மொழியில் அது 2020இல் ஏற்கப்பட்டது. எங்கள் பழைய ஆய்வானுக்கு அது விளங்கவில்லை. பிழை என்று கூறி அக்கோப்பை வாசிக்கவே மறுத்துவிட்டது. தம்பி பதிப்பு எண்ணைப் பார்த்தார். "சார், இது நான் ஸ்கூல்ல படிச்சப்போ வந்த வெர்ஷன்" என்றார். சிரித்துவிட்டுப் புதுப்பிக்கச் சொன்னோம். அரைமணி நேர வேலை என்றார் அவரும்.

அரைமணியில் முடியவில்லை. காரணம், இடைப்பட்ட காலத்தில் ஈஎஸ்லிண்ட் தன் அமைவு முறையையே மாற்றிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் வெளியான ஒன்பதாம் பதிப்பு, பழைய வடிவிலான அமைவுக் கோப்பை இயல்பாகத் தேடுவதே இல்லை. புதிய பெயரில் புதிய வடிவில் ஒரு கோப்பு இல்லையே என்று சொல்லி நின்றுவிடுகிறது. எட்டாம் பதிப்பிலேயே தங்கிவிடலாம் என்றால், அதற்கான ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. புறக்கணிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலைத் தனிக்கோப்பில் வைக்கும் பழைய ஏற்பாடும் போய்விட்டது. எல்லாம் ஒரே கோப்பில், வரிசையாக அடுக்கிய விதித்தொகுதிகளாக இருக்க வேண்டும். முன்னதும் பின்னதும் முரண்பட்டால் பின்னது வெல்லும். பொதுவிதி முன்னே, சிறப்புவிதி பின்னே, எல்லாவற்றுக்கும் கடைசியில் புறனடை என்று இலக்கண நூல் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு அயலாகத் தோன்றாது. எங்களுக்கும் தோன்றவில்லை.

பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றித் தரும் கருவி உண்டு என்றார் தம்பி. ஆனால் மாற்றிப் பயன் என்ன என்று கேட்டார் தோழி. இடைவெளி, மேற்கோள், அரைப்புள்ளி போன்ற தோற்ற விதிகளையெல்லாம் ஈஎஸ்லிண்ட் 2023இலேயே வழக்கொழிந்தவையாக அறிவித்திருந்தது. அத்தகைய விதிகளைத் தனியான வேறொரு தொகுதி ஏற்று நடத்துகிறது. அந்த விதிகளைக் கழித்துவிட்டால் எங்கள் நாற்பது வரிகளில் மிஞ்சியவை மூன்றோ நான்கோ. கோப்பைப் புதிதாக எழுதுவது என்று முடிவாயிற்று. முதல் வரியாக, இத்தனை ஆண்டுகள் இல்லாதிருந்த அடிப்படை விதித்தொகுதியைச் சேர்த்தோம்.

ஓட்டிப் பார்த்தபோது திரை நிரம்பி வழிந்தது. பெரும்பாலானவை எளியவை. உலாவியில் இயல்பாகக் கிடைக்கும் பெயர்களையும் புதிய முறையில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அறிவித்ததும் பாதிக்கு மேல் மறைந்தன. எப்போதோ எழுதிக் கைவிட்ட மாறிகள் சில இருந்தன, அழித்தோம். இன்னொரு வகை எங்களைச் சற்று வெட்கப்படுத்தியது. 'இந்த வரியில் ஆய்வானே பேசாதே' என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதிவைக்க வழி உண்டு. பதினான்கு இடங்களில் அப்படி எழுதியிருந்தோம். எங்கும் காரணம் எழுதவில்லை. பேசாதே என்று சொல்லப்பட்ட இடத்தில் பேசுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் ஒன்பதாம் பதிப்பு அதையும் எச்சரிக்கையாகச் சுட்டுகிறது. பதினான்கில் ஒன்பது அப்படிப்பட்டவை. யாருக்காக, எதற்கு அஞ்சி அக்குறிப்புகளை எழுதினோம் என்பது தோழிக்கே நினைவில்லை. காரணம் மறந்துபோன வழுவமைதியைப் பாதுகாத்து வைத்திருந்தோம்.

கடைசியில் பதினொரு இடங்கள் எஞ்சின. அனைத்தும் ஒரே விதியின்கீழ் வந்தவை. ஏமாற்றும் எழுத்துத் தொகுதி கூடாது என்று அவ்விதியின் பெயரைத் தமிழாக்கலாம். தேடல் வாய்பாட்டின் எழுத்துத் தொகுதிக்குள் எதிர்பாராத கூட்டெழுத்து இருக்கிறது என்பது செய்தி. பதினொன்றும் தமிழ் எழுத்துகள் வரும் இடங்கள்.

"இது இங்கிலீஷுக்கு எழுதின ரூல் சார். தமிழுக்குச் சரிவராது போல. ஆஃப் பண்ணிடலாம்" என்றார் தம்பி.

இதை எழுதுபவர் உடனே ஒப்புக்கொண்டார் என்பதை மறைக்க விரும்பவில்லை. கணினியில் தமிழ் படும் பாட்டை இருபது ஆண்டுகளாகப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கருவி தமிழைப் பிழை என்று சொன்னால், பிழை கருவியினுடையது என்று கொள்ளப் பழகியிருந்தோம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அணைத்துவிடுங்கள் என்றோம். தம்பி அந்த வரியை எழுதவும் தொடங்கிவிட்டார். தோழிதான் தடுத்தார். "ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு அணைப்போமே" என்றார்.

அவர் திறந்த இடம் மாணவியின் ஆய்வுக்காக எழுதப்பட்ட வாய்பாடு.

இங்கே சற்று விளக்கம் வேண்டும். லகர ளகர ஒற்றுகளில் முடியும் சொல்லின்பின் வல்லினத்தில் தொடங்கும் சொல் வந்தால், வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகவும் ளகரம் டகரமாகவும் திரியும். கடலும் கரையும் சேர்ந்து கடற்கரை ஆவது அவ்வாறுதான். உரைநடையில் இதைத் திரிக்காமல் 'கடல் கரை' என்று பிரித்தெழுதிய இடங்கள் எத்தனை என்று எண்ணுவது மாணவியின் மூன்றாம் இயலுக்கு அடிப்படை. நிரலுக்கு நாங்கள் சொன்னது: ல், ள் இரண்டில் ஒன்று, பிறகு ஓர் இடைவெளி, பிறகு க, ச, த, ப நான்கில் ஒன்று. தேடல் வாய்பாட்டில் 'இவற்றுள் ஒன்று' என்பதைச் சதுர அடைப்புக்குள் எழுத்துகளை அடுக்கிக் குறிப்பார்கள். ஆகவே ஓர் அடைப்புக்குள் ல், ள். இன்னோர் அடைப்புக்குள் க, ச, த, ப. பார்ப்பதற்கு நன்னூல் நூற்பாவைப்போல் சுருக்கமாக, அழகாக இருந்தது.

ஆனால் கணினிக்கு 'ல்' ஓர் எழுத்து அன்று. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. நம் 247 எழுத்துகளும் அங்கே தனித்தனியே இல்லை. உயிர்கள் இருக்கின்றன. அகரமேறிய மெய்கள் இருக்கின்றன. காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக இருக்கின்றன. 'ல்' என்பது ல என்ற குறியெண்ணும் புள்ளி என்ற குறியெண்ணும் அடுத்தடுத்து நிற்பது. தொல்காப்பியருக்கு மெய் முதல். அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகிறது. ஒருங்குறிக்கு அகரமேறிய உயிர்மெய் முதல். புள்ளி வந்து அகரத்தை இறக்கி மெய்யாக்குகிறது. இந்தத் தலைகீழ் அமைப்பு எங்களுக்குத் தெரியாததன்று. முதலாண்டு மாணவர்களுக்குக் கணினித்தமிழ்ப் பாடத்தில் நாங்களே நடத்துவதுதான். தெரிந்ததை உரிய இடத்தில் நினைக்கவில்லை.

சதுர அடைப்பு 'இவற்றுள் ஒரு குறியெண்' என்றே பொருள்படும். எனவே எங்கள் முதல் அடைப்பு 'ல் அல்லது ள்' என்று சொல்லவில்லை. 'ல, அல்லது ள, அல்லது புள்ளி' என்று சொன்னது. இரண்டாம் அடைப்பில் இருந்த க, ச, த, ப நான்கும் தனித்தனிக் குறியெண்கள் என்பதால் அது சரியாகவே வேலை செய்தது. ஒன்று சரியாக இருந்தது மற்றொன்றை மறைத்துவிட்டது.

இதன் விளைவைத் தோழி கரும்பலகையில் எழுதினார். 'கடல் கரை' அகப்படும், சரி. 'அவர் கண்டார்' என்பதும் அகப்படும், ரகர ஒற்றிலும் புள்ளி இருக்கிறது அல்லவா? 'பல காலம்' அகப்படும், லகரம் இருப்பதால். நான்காவதாக அவர் எழுதிய எடுத்துக்காட்டைப் பார்த்தபின் அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 'அதனைக் கண்டான்.' ககர ஒற்றின் புள்ளி, இடைவெளி, ககரம். முறைப்படி ஒற்று மிகுத்து எழுதப்பட்ட இடம். அதுவும் எங்கள் கணக்கில் புணர்ச்சியைக் கைவிட்ட இடமாகச் சேர்ந்திருந்தது. ஓர் ஆசிரியர் எவ்வளவுக்கெவ்வளவு இலக்கணம் பிழையாது ஒற்றிட்டாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவரைப் புணர்ச்சியை மீறியவர் என்று எழுதிவைத்திருந்தோம்.

மாணவி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, மூணாம் இயல் முழுக்க இந்த எண்ணிக்கைதான்" என்றார். அவர் ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு மாதங்கள்தாம் இருந்தன. அந்த இயலின் சுருக்கத்தை 2022இல் ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் கட்டுரையாகவும் வெளியிட்டிருந்தோம். அதில் எங்கள் மூவர் பெயரும் உண்டு.

இத்தனை பெரிய பிழை எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்கலாம். நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டோம். நிரல் பக்கவாரியாக எண்ணிக்கையை மட்டும் தந்தது. அகப்பட்ட சொற்களைக் காட்டவில்லை. அட்டவணைக்கு எண்ணிக்கைதானே வேண்டும் என்று நாங்கள்தாம் அப்படிக் கேட்டிருந்தோம். இது பாதிக் காரணம். மறுபாதியைச் சொல்வது கடினம். பத்திரிகைகள் பெருகுவதற்கு முன்பே, நாவலின் தொடக்க காலத்திலேயே புணர்ச்சி தளர்ந்துவிட்டது என்று இதை எழுதுபவர் பத்தாண்டுகளுக்கு மேலாக வகுப்பில் சொல்லிவந்திருக்கிறார். அட்டவணையில் வந்த எண்கள் அந்தக் கருத்தைத் தாங்கிப் பிடித்தன. தாங்கிப் பிடிக்கும் எண்ணை எவர் தட்டிப் பார்ப்பார்? எண்கள் மாறாக வந்திருந்தால் அன்றே வாய்பாட்டைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்திருப்போம். மாணவி அந்த எண்களை நம்பியதற்குக் காரணம் நிரல் அன்று. நெறியாளர் முகத்தில் கண்ட மகிழ்ச்சி.

திருத்துவது எளிதாகவே இருந்தது. சதுர அடைப்பை நீக்கி, வட்ட அடைப்புக்குள் 'ல்' என்பதையும் 'ள்' என்பதையும் இடையே ஒரு நெடுங்கோடிட்டு எழுத வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் இரு குறியெண் கொண்ட முழு அலகாகவே பொருத்தப்படும். பத்து நிமிடத்தில் பதினொன்றையும் தோழி மாற்றினார். எண்ணிக்கையோடு சொற்களையும் பட்டியலிடுமாறு தம்பி நிரலைத் திருத்தினார். மறுபடி ஓட்டினோம். எண்கள் சரிந்தன. மூன்றாம் இயலின் முடிவு நிற்க இடமின்றிப் போயிற்று.

அன்றிரவு நான்கு பேரும் நெடுநேரம் பேசினோம். இயலை நீக்கிவிட்டு மற்ற நான்கு இயல்களோடு ஒப்படைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கருத்தரங்கக் கட்டுரையை எவர் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு வந்தது. இரண்டையும் சொன்னது மாணவி அல்லர். அவர் பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இப்ப வந்திருக்கிற இடங்களை ஒவ்வொண்ணா வாசிச்சுப் பார்க்கிறேன் ஐயா. மூணு மாசம் நீட்டிப்புக் கேட்டால் கிடைக்குமா?" என்றார்.

கேட்டோம், கிடைத்தது.

அவர் வாசிக்கத் தொடங்கியபின் வேறொன்று தெளிவாயிற்று. திருத்திய வாய்பாடு 'ல், ள் திரியாத இடங்கள்' எல்லாவற்றையும் கொண்டுவந்தது. ஆனால் திரியாமை எல்லா இடத்திலும் வழுவா? வேற்றுமையில்தான் திரிபு கட்டாயம். அல்வழியில் திரிந்தும் வரலாம், திரியாதும் வரலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. 'கடல் பொங்கியது' என்பது எழுவாய்த் தொடர். அதைத் திரிக்காமல் எழுதியவரைக் குறை சொல்ல இலக்கணத்தில் இடமில்லை. இந்த வேறுபாட்டை எந்த வாய்பாட்டாலும் எங்களால் எழுத முடியவில்லை. ஒவ்வொரு தொடரையும் வாசித்து, பொருள் கண்டு, வேற்றுமையா அல்வழியா என்று ஓர் ஆள் முடிவுசெய்ய வேண்டும். வாய்பாடு சரியாக இருந்திருந்தாலும் வெறும் எண்ணிக்கையை வைத்து நாங்கள் எழுதிய முடிவு தவறாகத்தான் இருந்திருக்கும். புள்ளியில் ஏற்பட்ட பிழை, அதைவிடப் பெரிய பிழையைக் காட்டிக்கொடுத்தது.

மாணவி தாள்களில் மூன்று பத்திகள் வரைந்துகொண்டு வாசித்தார். அல்வழி, வேற்றுமை, ஐயம். நாங்கள் தளர்ச்சி என்று பெயரிட்டவற்றுள் பெரும்பகுதி முதற்பத்தியில் சென்று சேர்ந்தது. அந்த ஆசிரியர்கள் விதியைக் கைவிடவில்லை. விதி விட்டுவைத்த இடத்தில் நடமாடியிருக்கிறார்கள். இரண்டாம் பத்தியில் சேர்ந்தவற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்களிடம் இருந்த மின்பிரதிகள் பிற்காலப் பதிப்புகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டவை. எளிய வாசிப்புக்காகச் சந்தி பிரிப்பது பிற்காலப் பதிப்பாசிரியர்களிடம் காணப்படும் வழக்கம். ஆசிரியர் பிரித்ததா, பதிப்பாசிரியர் பிரித்ததா என்று முதற்பதிப்போடு ஒப்பிடாமல் சொல்ல முடியாது. கிடைத்த முதற்பதிப்புகளைத் தேடி அவர் நூலகங்களுக்குச் சென்றார். மூன்றாம் இயல் இப்போது முன்பைவிடச் சிறியது. அதன் முடிவில் முழக்கம் ஏதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சான்றையும் கை வைத்துக் காட்ட முடியும்.

கருத்தரங்கக் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட விரும்புவதாகத் தொகுப்பாளருக்கு எழுதினோம். அவருக்கு அது வியப்பாக இருந்தது. பழைய தமிழ் அச்சுநூல்களில் 'பிழை – திருத்தம்' என்று இரண்டு பத்திகளாக ஒரு பக்கம் இருக்கும். சிறுவயதில் அதை நாங்கள் விளையாட்டாகப் பார்த்திருக்கிறோம். அச்சான பிறகும் பிழை என்று ஒப்புக்கொள்ள அவர்கள் ஒரு தாளைச் செலவழித்தார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது முதற்பதிப்பைத் திருத்தி விரிவாக்கியே கொண்டுவந்தார். பெரியவர்களோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. திருத்துவது எங்கள் துறையின் பழைய வழக்கம் என்பதை நாங்களே எங்களுக்கு நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பக்கத் திருத்தத் தாள் அச்சிட்டு, தொகுப்பு சென்றிருந்த நூலகங்களுக்கு அஞ்சலில் அனுப்பினோம். மாணவியின் பெயர் அதில் வேண்டாம், பிழை நெறியாளரும் நிரலரும் செய்தது என்றோம். கட்டுரையில் பெயர் இருக்கும்போது திருத்தத்திலும் இருக்க வேண்டும் என்று அவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

புதிய அமைவுக் கோப்பு இருபத்திரண்டு வரிகள். அதில் இரண்டு விதிகளை அணைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் மேலும் ஏன் அணைத்தோம், எவர் முடிவுசெய்தார், எந்த நாளில் என்று தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறோம். காரணம் எழுத முடியாத எந்த விலக்கும் கோப்பில் இருக்கக் கூடாது என்பது தோழியின் விதி. அன்று தம்பி அணைக்கத் தொடங்கிய அந்த விதி இப்போது 'பிழை' நிலையில் இருக்கிறது. அடிப்படைத் தொகுதியிலேயே அது அடங்கியிருப்பதால் தனியாக எழுதத் தேவையில்லை. இருந்தாலும் தம்பி அதைத் தனி வரியில் எழுதி, கடலும் கரையும் அதனைக் கண்டவனும் வரும் அந்த நான்கு எடுத்துக்காட்டுகளையும் மேலே குறிப்பாகச் சேர்த்துவிட்டார். தேவையற்றதாயினும் எவரும் நீக்கவில்லை.

குறை ஒன்றும் காணாவிட்டால் ஈஎஸ்லிண்ட் எதுவும் சொல்வதில்லை. நன்று என்று பாராட்டுவதும் இல்லை. திரையில் அடுத்த கட்டளைக்கான இடம் வெறுமனே தோன்றும். திருத்தங்கள் எல்லாம் முடிந்து கடைசியாக ஓட்டியபோதும் அப்படித்தான் தோன்றியது. ஏழு ஆண்டுகளாக எங்களுக்குப் பழகிய மௌனம்தான் அது. தோழி கணினியை அணைக்கப் போனார். "இருங்க மேடம்" என்று மாணவி தடுத்து, சொற்பட்டியலைத் திறந்து, ஏதோ ஒரு பக்கத்தில் பத்து வரிகளை விரல் வைத்து வாசித்துச் சரிபார்த்தார். பிறகுதான் கிளம்பினோம்.